எட்டுத் தறி வீடு

சாரதாமணி வீட்டை விற்கப் போகிறாள் என்று தெரிந்ததும் அம்மாப்பேட்டைத் தெருவில் சிரிக்காத ஆளில்லை. விற்க அங்கே என்ன இருக்கிறது? சேலத்து நெசவுக்காரத் தெருவில் வீட்டை முழம் போட்டு அளக்க மாட்டார்கள், தறிக் கணக்கில்தான் சொல்வார்கள். அவளுடையது ஒத்தைத் தறி வீடு. உள்ளே போனால் தறிக்குழி, குழியைத் தாண்டினால் அடுப்பு, அடுப்பைத் தாண்டினால் கொல்லைக் கதவு. வீடு முடிந்தது.

அந்த வீட்டைக் காட்டித்தான் அவளுடைய ஒரே மகன் சரவணமுத்து, "இந்தப் பொந்துல மனுஷன் குடியிருப்பானா?" என்று ஒருநாள் கத்திவிட்டு, பொண்டாட்டி கமலவேணியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு மெட்ராஸுக்கு ரயிலேறினான். சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. அங்கே இன்னொரு குழந்தையும் பிறந்தது, பிள்ளைப்பேறு பார்க்க கமலவேணியின் அம்மா போனாள். சாரதாமணிக்குப் பண்டிகைக்கு ஒரு கார்டு வரும். சில பண்டிகைக்கு அதுவும் வராது.

கோபத்தில் சொன்ன வார்த்தைதான். சொன்னவன் ரயில் மொரப்பூர் தாண்டுவதற்குள் மறந்திருப்பான். கேட்டவள் மறப்பாளா? புருஷனும் இல்லாமல், நாடாவுக்குள் வைக்கிற குச்சியில் நூலேற்றிக் கூலிக்குத் தார் சுற்றிக்கொண்டு ஒண்டியாகக் கிடந்தவளுக்கு நினைக்க வேறு என்ன இருந்தது. வீடு சின்னது, அதனால் பிள்ளை போய்விட்டான். பெரிய வீடு இருந்தால் வந்துவிடுவான். அவள் கணக்கு அவ்வளவுதான். அதை ராவும் பகலும் போட்டுப் போட்டுப் பார்த்தாள்.

நாற்பத்திரண்டாம் வருஷம் வந்தது. ஜப்பான்காரன் மெட்ராஸ் மேல் குண்டு போடப் போகிறான் என்று ஜனங்கள் மூட்டை கட்டினார்கள். அங்கே மாடி வீட்டைச் சும்மா தருகிறேன் என்றாலும் கேட்க நாதியில்லை, இங்கே சேலத்தில் மாட்டுக்கொட்டகைக்கு வாடகை பேசினார்கள். போன வருஷம் நானூறு ரூபாய் போகாத சாரதாமணியின் பொந்துக்கு, ஆயிரத்து இருநூறு தருகிறேன் என்று எண்ணெய்க் கடைத் தங்கமுத்து வந்து நின்றார். வாங்கி வாடகைக்கு விடுகிற யோசனை அவருக்கு.

சாரதாமணி சரி என்றாள். பணத்தை நினைத்து அல்ல. குண்டு விழும் ஊரில் பிள்ளை இருக்கிறானே என்று ஏற்கெனவே ஆள் வைத்துக் கார்டு எழுதிப் போட்டிருந்தாள். "கடை இருக்கிற வரைக்கும் இருப்பேன், மூடினால் வருவேன்" என்று பதில் வந்திருந்தது. வந்தால் எங்கே வருவான்? இந்தப் பொந்துக்கு. ஜப்பான் சண்டை ஓய்ந்ததும் மறுபடி பொந்து என்று சொல்லிவிட்டுப் போவான். அவன் வருவதற்குள் பெரிய வீடு தயாராக இருக்க வேண்டும்.

தரகர் அங்கமுத்துவைக் கூப்பிட்டாள். அந்த மனுஷனுக்கு வாய் இருக்கிறதே, அதை வைத்தே ரெண்டு பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்தவர்.

"ரயில் சத்தம் கேக்கற ஊருல ஒரு விலை, கேக்காத ஊருல ஒரு விலைம்மா" என்றார். "சேலத்துல இப்ப கை வைக்க முடியாது. சங்ககிரியிலயும் ரயில் நிக்குது, அங்கயும் ஏறிப்போச்சு. ராசிபுரத்துல ஓரளவு. தெம்மேற்கே மல்லசமுத்திரம் போனீங்கன்னா, அங்க வீட்டை யாரும் ஒரு பொருளா நினைக்கறதே இல்லை. வெள்ளாமைக் காட்டுக்கும் கிணத்துக்கும்தான் விலை. காட்டை வித்துட்டுப் பவானிப் பக்கம் போன ஒருத்தர் வீடு சும்மா கிடக்கு. மூணு கட்டு, ஓட்டு வீடு. உங்க பணத்துல பாதி போதும்."

போய்ப் பார்த்தாள். வாசல்படி ஏறினதும் அடிமேல் அடி வைத்து அளக்க ஆரம்பித்தாள். "இங்க ரெண்டு, கூடத்துல மூணு, பின்கட்டுல மூணு. எட்டுத் தறி போடலாம்." தெருவை அவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பிறந்ததிலிருந்து நெசவுக்காரத் தெருவிலேயே இருந்தவளுக்குத் தெரு என்பது கேட்காமல் கிடைக்கிற காற்று மாதிரி. அதையும் சேர்த்து விலை பேச வேண்டும் என்று அவளுக்கு எப்படித் தோன்றும்? அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

பத்திரம் முடிந்தது. மிச்சப் பணத்தில் ஓடு மாற்றினாள், சுண்ணாம்பு அடித்தாள், ரெண்டு தறிக்குழி வெட்டி ஆசாரியிடம் ரெண்டு தறியும் செய்து இறக்கினாள். "எட்டுத் தறி வீடு வாங்கியிருக்கிறேன், கிளம்பி வா சாமி" என்று மெட்ராஸுக்குக் கார்டு போட்டாள். அப்புறம் உட்கார்ந்து காத்திருந்தாள்.

அந்தக் காத்திருப்பு இருக்கிறதே, அது எதிரிக்கும் வேண்டாம். தெரு முழுக்கக் குடியானவர்கள். விடிந்தால் காட்டுக்குப் போய்விடுவார்கள், பொழுது சாய்ந்துதான் வருவார்கள். பகலெல்லாம் தெருவில் ஒரு கோழி நடந்தால் அதுதான் நடமாட்டம். அம்மாப்பேட்டையில் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம், அதற்கு மேல் கத்தித்தான் பேச வேண்டும். இங்கே அவள் தண்ணீர் குடித்தால் தொண்டைச் சத்தம் பின்கட்டு வரை கேட்டது. மூணு கட்டில் ஒரு மூலையில் சமைத்து, அந்த மூலையிலேயே தின்று, அங்கேயே படுத்தாள். மிச்ச வீட்டைத் தினம் பெருக்கி மட்டும் வைத்தாள்.

பக்கத்து வீட்டு மாரக்காள் நல்லவள். காட்டிலிருந்து வரும்போது ஒரு கை கீரையை நீட்டுவாள்.

"ஏனுங்கக்கா, இத்தாப் பெரிய ஊட்டுல ஒத்தையா எப்படித்தான் இருக்கறீங்களோ, பயமா இல்லீங்களா?"

"எம் மகன் வாரான். வந்துட்டா இந்த வீடு பத்தாது."

வைகாசி போய் ஆனியும் வந்தது. மகன் வரவில்லை, கார்டுக்குப் பதிலும் இல்லை. குண்டு விழுந்துவிட்டதோ என்று கேட்டு வர ஆளில்லாமல் அவள் தவித்துக்கொண்டிருந்தபோது, சந்தை நாளில் அங்கமுத்து அந்தப் பக்கம் வந்தார். ஒரு சொம்பு மோர் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"உங்க மகன் வந்து ஒரு மாசம் இருக்குமே, தெரியாதா? தங்கமுத்துகிட்ட வாடகைக்குப் பிடிச்சு இருக்கான். உங்க பழைய வீட்டுலதான்."

மறுநாள் காலையில் பெட்ரோல் கிடைக்காமல் கரிப்புகையில் ஓடிக்கொண்டிருந்த முதல் பஸ்ஸில் ஏறினாள். பஸ் ஏற்றத்துக்கு ஏற்றம் மூச்சு வாங்கி நின்றது. உயிரோடிருக்கிறான் என்கிற நிம்மதியும், பெற்றவளிடம் வரவில்லையே என்கிற வேகமும் மாறி மாறி அவளை அறுத்தன. என்ன கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் சேர்த்து வைத்தாள். தெருவுக்குள் நுழைந்ததும் எல்லாம் போயிற்று.

தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பாவு இழுத்துக் கட்டியிருந்தது. சேலைக்கு நீள வாக்கில் ஓடுகிற நூல் அத்தனையும் ஒரே விரிப்பாக, கஞ்சி பூசி, வெயில் உச்சிக்கு ஏறுமுன் காய வேண்டும். ஒருத்தரால் ஆகிற காரியமில்லை. தெருவே இறங்கும். இன்றைக்கு உன் பாவுக்கு நான், நாளைக்கு என் பாவுக்கு நீ. கூலி கிடையாது. அறுந்த இழையைப் பார்த்து முடி போட ஆளுக்கு ஆள் குனிந்து நின்றார்கள். நடுவில் கஞ்சிக் கையோடு சரவணமுத்து. பாவு அவனுடையது.

சாரதாமணி கண்ணெதிரே ஓர் இழை அறுந்து தொங்கியது. கை தானாகப் போய் அதை முடிந்தது. முடிந்துவிட்டு நிமிர்ந்தபோது அவளுக்குப் புரிந்துவிட்டது. மல்லசமுத்திரத்தில் வண்டி திரும்பக்கூட இடமில்லாத கோணல் சந்து. கூப்பிட்டால் வர எட்டுக் கை இல்லை. எட்டுத் தறி போடலாம், சரி, ஒரு தறிக்குக்கூடப் பாவு போட முடியாது. தார் சுற்றியே கை தேய்ந்தவள், இதைப் பார்க்காமல் விட்டாளே. அவளுக்கு அவள் மேலேயே வெறுப்பாக வந்தது.

பாவு சுருட்டின பிறகுதான் சரவணமுத்து வாயைத் திறந்தான்.

"எங்கம்மா போனே? கடையை மூடிட்டாங்க, கிளம்பி நேரா இங்கதான் வந்தேன். ரெண்டு குழந்தைகளும் தூக்கத்துல அழுவுது, அம்மா அம்மான்னு கதவைத் தட்டறேன். எதிர்வீட்டுக்காரர் வந்து பூட்டைக் காட்டறார், வித்துட்டு மல்லசமுத்திரம் போயாச்சுன்னு."

"கார்டு போட்டேனே சாமி."

"எனக்கு ஒண்ணும் வரலை."

"பொந்துன்னு சொன்னியே. அதான் பெரிசா..."

"எப்பவோ ஆத்திரத்துல சொன்னதுக்காம்மா இப்படிப் பண்ணினே?" அவன் குரல் இறங்கிவிட்டது. "எல்லாரும் உன்கூட இந்த வீட்டுலயே இருந்துக்கலாம்னுதான் வந்தோம். உன்னை வந்து பார்க்கணும்னு நினைச்சுக்கிட்டே இருக்கேன். வாடகைக்கே பாவு மேல பாவு போட வேண்டியிருக்கு. அங்க வந்து நான் என்ன பண்றது? இங்க முதலாளி நூல் தரார், அங்க யார் தருவா?"

சாரதாமணி எழுந்து நேராக அங்கமுத்து வீட்டுக்குப் போனாள். மல்லசமுத்திரத்தை விற்றுக் கொடுங்கள், பழைய வீட்டைத் திரும்ப வாங்கித் தாருங்கள் என்றாள். அவர் பாவம், உண்மையைத்தான் சொன்னார்.

"உங்க பழைய வீட்டை இப்ப ரெண்டாயிரத்துக்குக் கேக்கறாங்க, தங்கமுத்து கொடுக்க மாட்டேங்கறார். அங்க உங்க வீட்டை எவன் வாங்குவான்? ஒரு பொருளா நினைக்க மாட்டாங்கன்னு அன்னைக்கே சொன்னேன். அன்னைக்கு அது உங்களுக்கு இனிச்சுது. சண்டை ஓயட்டும், மெட்ராஸ்காரங்க திரும்பிப் போகட்டும், இங்க விலை விழும். அப்ப பார்க்கலாம்."

திரும்பி வந்தாள். கமலவேணி சோறு போட்டாள், குறை சொல்ல ஒன்றுமில்லை. பேரப்பிள்ளைகள் முதலில் ஒளிந்து, பிறகு மடிக்கு வந்தன. அடுப்புக்கும் தறிக்குழிக்கும் நடுவில், இத்தனை வருஷம் சாரதாமணி பாய் விரித்த இடத்தில், கமலவேணியின் அம்மா உட்கார்ந்து தார் சுற்றிக்கொண்டிருந்தாள். மெட்ராஸிலிருந்து கூடவே வந்தவள், அவளுக்கும் போக்கிடமில்லை. "வாங்க சம்பந்தி, நகர்ந்துக்கறேன்" என்று நகரப் பார்த்தாள். நகர இடமில்லை.

சாயங்கால பஸ்ஸுக்கு மகன் கூட வந்தான். ஏறும் முன்னால் சாரதாமணி கேட்டுவிட்டாள். வெட்கம் பார்க்கவில்லை.

"எனக்கு ஒரு மூலை போதும் சாமி. அங்க என்னால ஒண்டியா இருக்க முடியலைடா."

சரவணமுத்து கண்டக்டரிடம் அவள் டிக்கெட்டுக்குக் காசு கொடுத்தான். "அத்தை ஊருக்குப் போனதும் பார்க்கலாம்மா" என்றான். அத்தைக்கு ஊர் இல்லை என்று ரெண்டு பேருக்கும் தெரியும்.

மல்லசமுத்திரத்தில் இறங்கும்போது பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. மாரக்காள் வாசல் தெளித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"மகன் வாரானுங்களாக்கா?"

"நல்லா இருக்கான்" என்று சொல்லிவிட்டு சாரதாமணி பூட்டைத் திறந்தாள்.

விளக்கேற்றிக் கும்பிட நின்றாள். சண்டை சீக்கிரம் ஓய வேண்டும் என்று வாய் ஆரம்பித்துவிட்டது. ஓய்ந்தால் சேலத்தில் விலை விழும், பழைய வீட்டை எப்படியாவது வாங்கிவிடலாம். ஆனால் ஓய்ந்தால் கடையைத் திறப்பார்கள், பிள்ளை மெட்ராஸுக்குப் போய்விடுவான். ஓயாவிட்டால் பிள்ளை சேலத்திலேயே இருப்பான், அந்த வீட்டில் அவளுக்கு இடம் இருக்காது. ஒன்றும் கேட்காமல் கூப்பிய கையை இறக்கிவிட்டு அடுப்பு மூட்டப் போனாள்.