கடலுக்கு விடும் கனம்

மகளைப் புதைத்துவிட்டு வந்த அன்றும் லியோனார்ட் இரண்டு தட்டு சோறு தின்றான். சொந்தக்காரர்கள் முணுமுணுத்தது காதில் விழாமலில்லை. விழுந்து என்ன, உள்ளே போகவில்லை. எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரி மகள் ஷைனியின் ஸ்கூட்டியை அடித்துப் போட்டதிலிருந்து அவனுக்கு மனசு என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. காசிமேட்டுக்குப் படகுத் தச்சு வேலைக்குப் போனான், வந்தான், படுத்தான்.

ஷைனி வில்வித்தை பழகினவள். கிளப்பில் கொடுக்கிற வில்லெல்லாம் பிள்ளை விளையாட்டாம், மரத்திலேயே நல்ல முரட்டு வில்லாக ஒன்று வேண்டும் என்று அடம்பிடித்தாள். மரக்கடையில் பலகைகளைப் புரட்டிப் புரட்டி, நார் முனையிலிருந்து முனைவரை வளையாமல் ஓடுகிற வேங்கைப் பலகையைப் பொறுக்கியதும் அவள்தான். நடுவில் எவ்வளவு அகலம், நுனியில் எவ்வளவு, கனம் எப்படிக் குறைந்துகொண்டே போகவேண்டும் என்று பலகையிலேயே பென்சிலால் கோடு போட்டு வைத்தாள். நாண் எவ்வளவு நீளம் பின்னால் வரவேண்டும் என்றும் குறித்தாள்; அந்த நீளத்துக்கு இழுக்க இருபத்தேழு கிலோ பலம் வேண்டும். அது அவள் கணக்கு.

அந்தப் பலகையைத்தான் இப்போது அறுத்தான். ஏன் என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது.

படகுத் தச்சன் எவனும் கோட்டிலேயே அறுக்க மாட்டான். உப்புத் தண்ணீர் தின்னப்போகிற மரம் என்று இரண்டு நூல், அதாவது கால் அங்குலம், வெளியே தள்ளித்தான் அறுப்பான். இவனும் அப்படியே அறுத்தான். போதாததற்கு, மகள் போட்ட கோடு அவன் கண்ணுக்கு ரொம்ப ஒல்லி. அந்தக் கனத்துக்குச் சீவினால் வில் முறிந்துவிடும். முறிந்தால் அவள் நினைத்து வைத்ததில் ஒன்றும் மிஞ்சாது. அந்தப் பயம் மட்டும் அவனுக்குள் மரத்துப்போகாமல் கிடந்தது.

வில்லைச் சுவரில் மாட்டி, நாணில் கயிறு கோத்துக் கப்பியில் விட்டான். நடுவே மீன் நிறுக்கிற தொங்குதராசு. கயிற்றை இழுத்தது அவன் மனைவி சிலுவையம்மாள். முள் இருபத்தேழைத் தொட்டபோது நாண் ஒரு சாண்கூட வரவில்லை. வில் உலக்கை மாதிரி நின்றது.

"போதும், வுடு."

அவள் கயிற்றைத் தளர்த்திவிட்டு, கோட்டுக்கு வெளியே தடித்து நின்ற மரத்தைத் தடவிப் பார்த்தாள்.

"இன்னாத்துக்குய்யா இவ்ளோ கனம் வுட்டுக்கீற?"

"கடலுக்கு வுடறதுதான்."

"இது இன்னா கடலுக்கா போவுது? புள்ள போட்ட கோட்டுக்குச் சீவு."

"முறிஞ்சிரும்டி."

"முறிஞ்சா முறியட்டும். இப்டியே வச்சிகினா மட்டும் இது வில்லா?"

இழைப்புளியை எடுத்தான். சீவினான், மாட்டினான், எட்ட நின்று பார்த்தான். விறைத்து நிற்கிற இடத்தை மட்டும் மறுபடி சுரண்டினான். கடைசியில் கோடு மட்டும் மயிரிழையாக ஓரத்தில் நின்றது.

சிலுவையம்மாள் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தாள். மரம் முனகக்கூட இல்லை. இரண்டு பக்கமும் ஒன்றுபோல வளைந்தது. ஷைனி குறித்துவைத்த நீளத்துக்கு நாண் வந்து சேர்ந்தபோது முள் இருபத்தேழில் நின்றது.

"ஷைனி," என்று வீட்டுப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டான். "உன் கணக்கு கரெக்டா கீதும்மா. வந்து பாரு."

கூப்பிட்ட பிறகுதான் உறைத்தது. சீவல் குவியலிலேயே உட்கார்ந்துவிட்டான். தொண்டையிலிருந்து என்னவோ பிய்த்துக்கொண்டு வந்தது.

சிலுவையம்மாள் வில் அதிராமல் கயிற்றைத் தளர்த்திவிட்டு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அழுய்யா," என்றாள். "இத்தினி நாளா நா ஒருத்தியே அழுதுகினு இருந்தேன்."