நகராத நாலு கல்

மாடக்கண்ணு லேசில் யாரையும் நம்புகிற ஆள் இல்லை. கடம்பூரில் போளி வாங்கினால் பொட்டலத்தைக் கடை வாசலிலேயே பிரித்து, ஒரு விள்ளல் தின்று பார்த்த பிறகுதான் கடைக்காரனுக்கு முதுகைக் காட்டுவார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் "எட்டயபுரந்தான போவுது?" என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் ஒரு தடவை, கண்டக்டரிடம் ஒரு தடவை கேட்பார். அப்பேர்ப்பட்ட மனுஷனின் நாலு ஏக்கர் கரிசலில் சர்க்கார் ஆட்கள் ஜீப்பில் வந்து இறங்கிக் கல் நட்டால் எப்படி இருக்கும்? பொறி கலங்கிவிட்டது அவருக்கு.

அது எண்பத்து மூன்றாம் வருஷம், ஆவணி மாதம். கிணற்றைச் சுற்றி நாலு பக்கமும் நாலு கல் நட்டார்கள். முக்கால்வாசி மண்ணுக்குள்ளே, ஒரு சாண் வெளியே, உச்சியில் பித்தளைக் குமிழ். பாறை வரைக்கும் கட்டி இறக்கியதால் அசையாத கிணற்றுச் சுவரில் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு போட்டார்கள். சர்வேயர் அழகிரிசாமி முக்காலியில் கருவியை நிறுத்தி, அந்தக் கோட்டுக்கும் ஒவ்வொரு குமிழுக்கும் அளவெடுத்து நோட்டில் எழுதிக்கொண்டார்.

"எதுக்குய்யா இதெல்லாம்?" என்று கேட்டார் மாடக்கண்ணு.

"ஒரு மெஷின் வைக்க எடம் பாக்குதோம். இங்கன ஒண்ணு, கடம்பூர்ப் பக்கம் ஒண்ணு, ஓட்டப்பிடாரம் பக்கம் ஒண்ணு. மூணுல ஒண்ணுதான் தேறும்."

"என்ன மெஷினு?"

"அணு மெஷினு. சொன்னா உமக்குப் புரியவா போவுது?" ஜீப்பில் ஏறப் போன அழகிரிசாமி திரும்பினார். "ஒண்ணு மட்டும் கேட்டுக்கிடும். இந்தக் கல்லுல யாரும் கை வைக்கக் கூடாது. ஒரு நூல் அசைஞ்சாலும் எங்களுக்குத் தெரிஞ்சுபோவும். அசைச்சது நீருன்னு தெரிஞ்சா நேரா ஜெயிலுதான்."

மவராசன், ஏன் எதற்கென்று அதையும் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். சொன்னால் வாயில் இருக்கிற முத்து உதிர்ந்துவிடுமாக்கும்!

அணு என்றால் குண்டுதான் என்று ஊர் பேசியது. வடக்கே பாலைவனத்தில் வெடித்தது போல இங்கேயும் ஒன்றை வெடிக்கப் போகிறார்கள் என்று டீக்கடையில் நாள் குறித்தே சொன்னார்கள். மாடக்கண்ணுவின் பயம் அது இல்லை. கரிசலில் நட்ட கல் நட்ட இடத்தில் நிற்காது. ஐப்பசி மழையில் மண் ஊறிப் பொங்கும்போது கல் தலையைத் தூக்கும். கோடையில் கால் நுழைகிற அளவுக்கு நிலம் வெடிக்கும்போது சாயும். அதனால்தான் வருஷா வருஷம் மழை விட்டதும், பக்கத்துப் பக்கத்து நிலத்துக்காரர்கள் சேர்ந்து கயிறு பிடித்து எல்லைக்கல்லை நேராக்கிக்கொள்வார்கள். நேராக்காமல் விட்டவன் அந்த அளவுக்கு நிலத்தை விட்டுக்கொடுத்துவிட்டான் என்று கணக்கு.

"இவனுவளுக்கு இது தெரியாமலா இருக்கும்?" என்று மனைவி ஆவுடைத்தாயிடம் பொருமினார். "எல்லாந் தெரியும்ட்டி. மழை பேஞ்சா கல்லு தானா நகரும். நீதாம்ல நகத்துனன்னு கேசு போட்டு நெலத்தப் புடுங்கணும். அதான் திட்டம்."

"சர்க்காருக்கு நெலம் வேணும்னா ஒரு நோட்டீசு அனுப்பி எடுத்துக்கிடாதாக்கும்? இதுக்குப் போயி கல்லு நட்டு, மழைக்குக் காத்துக் கெடக்கணுமா?"

"நீ சும்மா கெட. ஒனக்கு ஒரு எழவும் தெரியாது."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் மாடக்கண்ணுவுக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டால் பிரம்மதேவன் வந்து சொன்னாலும் காதில் ஏறாது.

மறுநாளே கொத்தனார் இசக்கியிடம் போய் மட்டக்குழாய் கேட்டார். தண்ணீர் நிரப்பிய நீளமான ட்யூப் அது. எங்கே கொண்டுபோய்ப் பிடித்தாலும் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும்.

"வீடு கெட்டப் போறீயளா அண்ணாச்சி?" என்றான் இசக்கி.

"ஆமா, அரமன கெட்டப் போறேன். குடுலே."

ஒரு முனையைச் சிவப்புக் கோட்டில் நிறுத்தி, மறு முனையைக் கல்லுக்குக் கொண்டுபோனார். தண்ணீர் மட்டத்துக்கும் குமிழுக்கும் நடுவே இருந்த இடைவெளிக்குச் சரியாக ஒரு குச்சி வெட்டினார். நாலு கல்லுக்கு நாலு குச்சி. கல் பக்கவாட்டில் நகர்ந்தாலும் தெரிய, கிணற்றுச் சுவரின் இரண்டு மூலைகளிலிருந்து கல்லுக்குக் கயிறு பிடித்து முடிச்சுப் போட்டுக்கொண்டார். எல்லாவற்றையும் சாக்கில் சுருட்டிப் பரணில் ஏற்றிய பிறகுதான் அன்றைக்குக் கஞ்சி இறங்கியது.

மழை வந்தது. நினைத்தபடியே நாலு கல்லும் மூன்று அங்குலத்துக்கு மேல் எழும்பிவிட்டன. வடக்குக் கல் கள்ளுக் குடித்தவன் மாதிரி சாய்ந்து நின்றது. தை மாதம் அளக்க வருவார்கள் என்று தெரியும். அதற்கு முன்னால் ஊர் கண்ணசரும் நடுமத்தியானமாகப் பார்த்துப் போய், ஒவ்வொரு கல்லையும் தோண்டி எடுத்து, அடிமண்ணைச் சுரண்டி, திரும்ப இறக்கி, சுற்றிலும் மண்ணை இடித்து இறுக்கிக் கிட்டித்தார். குச்சி வைத்துப் பார்ப்பார், ஒரு நூல் கூடியிருக்கும். மறுபடி தோண்டுவார். இரண்டு நாளில் உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். கடைசியில் தடம் தெரியாமல் சுற்றிலும் ஏர் ஓட்டிவிட்டார்.

தையில் அழகிரிசாமி வந்து அளந்தார். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு மறுபடி அளந்தார். நோட்டை மூடிக்கொண்டு ஜீப்பில் ஏறினார். "பாத்தியா, மூஞ்சி எப்படிப் போச்சுன்னு! கேசு போட முடியலன்னு வயித்தெரிச்சல்" என்று அன்று முழுக்க மாடக்கண்ணுவுக்கு ஒரே கொண்டாட்டம். சித்திரையில் நிலம் வெடித்து, கல் இறங்கிச் சாய்ந்தபோதும் அதே வேலையைப் பார்த்தார். அப்போது அழகிரிசாமி வந்து அளந்தபோதும் அளவு அச்சு அசலாக இருந்தது.

ஆடி மாதம் அழகிரிசாமியோடு பெரிய இன்ஜினியர் ஒருவரும் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. மாடக்கண்ணுவின் கையையே பிடித்துக்கொண்டார்.

"பெரியவரே, கடம்பூர்ப் பக்கம் நிலம் மூணு அங்குலம் தூக்கிடுச்சு. ஓட்டப்பிடாரம் பக்கம் நாலு. உங்க நிலம் ரெண்டு நூல்கூட அசையலை. கரிசல்ல இப்படி ஒரு இடத்தை நான் பார்த்ததே இல்லை!"

"அசையலன்னா நல்லதுதானய்யா? எம்மேல கேசு இல்லயே?"

"கேசா? எங்க மெஷினுக்கு இந்த இடந்தான் வேணும். வீடு உயரத்துக்கு ஒரு காந்தம் வைப்போம். கண்ணுக்குத் தெரியாத அணுத்துகளை அதுக்குள்ள சுத்திச் சுத்தி ஓட விடுவோம். வேகம் ஏறி வந்து ஒரு தகட்டுல மோதும். அதுல இருந்து மருந்து எடுப்போம். அதை ஊசியில ஏத்தினா, உடம்புக்குள்ள புற்றுநோய் எங்க இருக்குன்னு படத்துல தெரிஞ்சுடும். ஆனா அடியில நிலம் கொஞ்சம் நகர்ந்தாலும் துகள் தடம் மாறிடும். அதுக்காகத்தான் கல் நட்டு, எந்த நிலம் அசையாதுன்னு ஒரு வருஷமா பார்த்தோம்."

மாடக்கண்ணுவுக்கு அப்போதுதான் விளங்கியது. அசையாத நிலத்தைத்தான் தேடியிருக்கிறார்கள். பாவி மட்டை, தன் கையாலேயே தோண்டித் தோண்டி நிலத்தை அவர்களுக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறோமே!

"ஐயா, நாந்தான் நகத்தி வச்சேன்!" என்று கத்தினார். வீட்டுக்கு ஓடிப் போய்ச் சாக்கைக் கொண்டுவந்து குச்சியையும் கயிற்றையும் அவர்கள் காலடியில் கொட்டினார். "ஜெயிலுக்கு வேணா போறேன். இந்த நெலம் மத்த நெலம் மாதிரிதான்யா. பொங்கத்தான் செய்யும்."

அழகிரிசாமிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "லட்ச ரூவா கருவி பாக்குத வேலைய நாலு குச்சி பாத்துட்டுதாம் சார். நெலம் போவுதுன்னதும் எப்படிக் கத விடுதாருன்னு பாருங்க." ஆனாலும் மாடக்கண்ணு சொன்னதை நோட்டில் எழுதிக்கொண்டார்.

இன்ஜினியர் சிரிக்கவில்லை. "தையில கடைசி அளவு இருக்கு. அதுவரைக்கும் நீங்க கல்லைத் தொடாதீங்க. நிலம் அசைஞ்சா நாங்க வேற இடம் பார்த்துக்கறோம்" என்றார்.

அந்த வருஷம் மாடக்கண்ணு மழைக்குக் காத்திருந்த மாதிரி மாப்பிள்ளைகூட முகூர்த்தத்துக்குக் காத்திருக்க மாட்டான். ஐப்பசியில் வானம் கொட்டித் தீர்த்தது. தினமும் போய்க் கிணற்றுச் சுவரோரமாக நின்று பார்ப்பார். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேதான் நிற்பார். நாலு கல்லும் எழும்பின. வடக்குக் கல் பழையபடி சாய்ந்தது. "ஏறு ராசா, ஏறு" என்று வாய்விட்டுக் கொஞ்சினார்.

தையில் ஜீப் வந்தது. ஆவுடைத்தாய் கருப்பட்டிக் காப்பி போட்டுத் தூக்குவாளியில் கொண்டுவந்தாள். அழகிரிசாமி அளந்து முடித்துவிட்டு நோட்டை நீட்டினார். இன்ஜினியர் அதை வாங்கிப் பார்த்தார்.

"மூணரை அங்குலம்" என்றார்.

"நாந்தான் சொன்னம்லாய்யா!" மாடக்கண்ணுவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ரெண்டு தடவை அளந்தப்போ கல் மாதிரி நின்ன நிலம். உங்ககிட்ட எடுக்கப்போறோம்னு சொன்ன பிறகு மட்டும் எப்படி நாலும் எழும்பிச்சு?"

"அப்ப நான் நகத்துனேன். இப்ப நான் தொடல. அதான்யா எழும்பிருக்கு!"

அழகிரிசாமி நோட்டில் பழைய பக்கத்தைப் புரட்டினார். "ஆடியில நீரு என்ன சொன்னீரு? கல்லத் தோண்டி நகத்துதது எப்படின்னு குச்சியும் கயிறுமா வெளக்குனீரே, எழுதி வச்சிருக்கேன். இப்பத் தொடலன்னா எவன் நம்புவான்?"

"அன்னைக்குச் சொன்னதும் நெசம். இன்னைக்குச் சொல்லுததும் நெசந்தான்யா. எஞ்சாமி சத்தியமா!"

இன்ஜினியருக்குக் கோபம்கூட வரவில்லை. அதுதான் மாடக்கண்ணுவுக்குத் தாங்க முடியவில்லை. "உங்க வருத்தம் புரியுது பெரியவரே. போலீசுக்கெல்லாம் போகலை. முதல் ரெண்டு அளவையே எடுத்துக்கறோம். மாசிக்குள்ள நோட்டீஸ் வந்துடும்" என்று தோளில் தட்டிக்கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறினார். காப்பியை யாரும் குடிக்கவில்லை.

ஜீப் போகும்வரை மாடக்கண்ணு அசையாமல் நின்றார். நாசமாகப் போச்சு, எல்லாம் நாசமாகப் போச்சு என்று மனசு அடித்துக்கொண்டது. ஆவுடைத்தாய் தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் வந்தாள். எழும்பி நின்ற கல்லை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சுற்றுமுற்றும் யாரும் இல்லையென்று தெரிந்துகொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"எங்கிட்டயாச்சும் நெசத்தச் சொல்லுங்க. இந்தத் தடவையும் நீங்கதான நகத்துனிய?"