ஒழுங்கில்லாத கட்டைகள்

எதிர்வீட்டுத் தச்சர் செய்த மேசையின் இழுப்பறையை மூடினால் சத்தம் வராது. சின்னப் பெருமூச்சு மாதிரி ஒன்றுதான் வரும். அந்தப் பெருமையில்தான் மனிதர் பட்டறை வேலையை உதறிவிட்டு, வீட்டிலேயே விளையாட்டுக் கட்டைகள் செய்ய உட்கார்ந்தார். கட்டைகளைக் கோபுரமாக அடுக்கி, ஆளுக்கொன்றாக அடியிலிருந்து உருவி உச்சியில் வைக்கவேண்டும். யார் கையில் சரிகிறதோ அவர் தோற்றார். பொம்மைக்கடை அம்மாள் சனிக்கிழமை வந்து பார்த்துப் பிடித்தால் ஆர்டர். இல்லையென்றால் பழைய முதலாளி முன்னால் போய்த் தலையைச் சொறிய வேண்டியதுதான்.

உதவிக்கு வந்த மச்சானை, அதாவது மனைவியின் தம்பியை, முதல் வாரமே துரத்திவிட்டார். அவனுக்குப் பேச்சில்தான் வழவழப்பு. உப்புத்தாளால் தேய்த்த கட்டையோ ஒன்று பருமன், ஒன்று ஒல்லி. அதையெல்லாம் அட்டைப்பெட்டியில் போட்டுச் சமையலறை மூலையில் தள்ளிவிட்டு, தானே அளந்து அளந்து புதிதாகச் செய்தார்.

சனிக்கிழமை நானும் போயிருந்தேன். சர்க்கரை கேட்கத்தான், வேறொன்றுமில்லை.

கூடத்தில் கோபுரம் ஒரே மரத்தில் செதுக்கியதுபோல் நின்றது. கடைக்காரம்மா ஒரு கட்டையை உருவப் பார்த்தார், இறுக்கம். இன்னொன்று, அதே இறுக்கம். எதைத் தொட்டாலும் ஒரே பாடு.

"ரொம்ப அழகா இருக்குங்க" என்று கொட்டாவியை விழுங்கினார். வாங்காமல் போகிறவர்கள்தான் முதலில் அழகைப் புகழ்வார்கள்.

அப்போது சமையலறையில் ஒரே கூச்சல். தச்சரின் மனைவியும் தம்பியும் தரையில் உட்கார்ந்து அந்தக் கழிவுக் கட்டைகளை வைத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். வேலையிலிருந்துதானே துரத்தினார், சாப்பாட்டிலிருந்து இல்லையே.

"அதைத் தொடாதடா, விழும்."

"விழாதுக்கா. இது லூசு. விரலுக்கே தெரியுது."

"லூசு உனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்."

கடைக்காரம்மா எழுந்து போய் அவர்களோடு உட்கார்ந்தார். ஒரு கட்டையைத் தட்டினார், அசையவில்லை. பக்கத்துக் கட்டை அசைந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு உருவினார். கொஞ்ச நேரத்தில் கோபுரம் அவர் மடியிலேயே சரிந்தது. சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"எது வரும், எது வராதுன்னு தேட வைக்குது பாருங்க. இதுதான் எனக்கு வேணும். ஐம்பது பெட்டி."

"அது ஒதுக்கின சரக்குங்க" என்றார் தச்சர்.

"அப்ப ஒதுக்கினதையே குடுங்க."

தச்சரும் முயன்றார், பாவம். வேண்டுமென்றே கோணலாகத் தேய்த்துப் பார்த்தார். கை கேட்கவில்லை, எல்லாக் கட்டையும் ஒரே அளவுக்குக் கோணலாக வந்தது. கடைசியில் குரலை இறக்கி, "மச்சான், நீயே வந்து தேய்ச்சுக் குடேன்" என்றார். அவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்த தோரணையைப் பார்க்கவேண்டுமே.

மறுநாள் அங்கே குரல் உயர்ந்தது. நான் என் வீட்டுக் கதவைத் திறந்தேன். அது எப்போது மூடியிருந்தது? மச்சானுக்குப் பொறுப்பு வந்துவிட்டதாம். காலை முழுக்க அளவுகோலோடு உட்கார்ந்து தேய்த்திருக்கிறான். கட்டைகள் அத்தனையும் இரட்டைப் பிள்ளைகள்.

"மாமா, இனிமே நீங்க குறை சொல்லவே முடியாது."

தச்சர் அளவுகோலைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார்.

"உங்க அக்காகூடப் பேசிக்கிட்டே தேய்" என்றார். "கட்டையைப் பார்க்காத."