பதினோராம் கேள்விக்கு இரண்டு விடை

யுன்சில் நாலாவது முறையாக அரசாங்க குமாஸ்தா தேர்வு எழுதியிருந்தாள். வயது முப்பத்து மூன்று. தேர்வுக்குப் படிப்பவர்கள் குவியும் நோரியாங்ஜின்னில், பயிற்சி நிலையங்களுக்குப் பின்புறம் இருந்த விடுதியில், கையை நீட்டினால் இரண்டு சுவரும் தட்டுப்படும் அறையில் ஐந்து வருடமாகக் கிடந்தாள். அடுத்த அறையில் நாரே. ஆறு வயது இளையவள், அவளுக்கு இது இரண்டாவது முயற்சி.

தற்காலிக விடைகள் வெளியான அன்று இருவரும் விடுதிச் சமையலறையில் உட்கார்ந்து திருத்திப் பார்த்தார்கள். ஆளுக்கு முந்நூற்று எண்பத்தைந்து மதிப்பெண். கட் ஆஃப் அங்கேயேதான் வந்து நிற்கும் என்று பயிற்சி நிலையங்கள் சொல்லிக்கொண்டிருந்தன.

"அக்கா, இங்கிலீஷ்ல பதினொண்ணப் பாருங்க" என்றாள் நாரே. "குடும்பத்துல மூடி மறைச்ச அசிங்கத்துக்கு மரபுத்தொடர். எலும்புக்கூடு எதுக்குள்ள இருக்குன்னு கேக்கறான். நான் கப்போர்டுன்னு போட்டேன். விடை க்ளாசெட்டாம். ரெண்டும் அலமாரிதானே?"

"மரபுத்தொடர்ல அர்த்தம் பாத்து வார்த்தையை மாத்துவாங்களாடி? சொல்ற மாதிரிதான் சொல்லணும்."

"இல்லக்கா, கப்போர்டுன்னு எங்கயோ படிச்சிருக்கேன். ஆட்சேபம் போட்டா அஞ்சு மார்க் கிடைக்கும். நீங்கதான் இங்கிலீஷ்ல புலி. எழுதிக் குடுங்களேன்."

யுன்சில் அன்று மாலையே அகராதியைப் புரட்டினாள். இங்கிலாந்தில் கப்போர்டு என்றுதான் சொல்கிறார்கள். சந்தேகத்துக்கு இன்னும் இரண்டு அகராதி பார்த்தாள். அவையும் அதையே சொல்லின.

அதற்குப் பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இரண்டு விடையும் சரி என்றாகிவிட்டால், கப்போர்டு போட்டவர்கள் அத்தனை பேருக்கும் ஐந்து ஏறும். கட் ஆஃப் முந்நூற்றுத் தொண்ணூறுக்குப் போனாலும் போகும். நாரே உள்ளே போய்விடுவாள். க்ளாசெட் போட்ட தான் எண்பத்தைந்திலேயே நிற்பாள், வெளியே.

மறுநாள் காலை நாரே கதவைத் தட்டினாள். "கிடைச்சுதாக்கா?"

"எங்கயும் இல்லடி. நல்லாத் தேடிட்டேன்."

"சரி விடுங்க, என் நேரம்" என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த கிம்பாப் சோற்றுச் சுருளில் பாதியை யுன்சிலின் தட்டில் வைத்துவிட்டுப் போனாள்.

யுன்சில் அதைச் சாப்பிடாமல் தட்டோடு தள்ளி வைத்தாள். நாரே மேல் இரக்கம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. ஐந்து வருடத்தில் தனக்கென்று அவள் சேர்த்து வைத்திருந்தது அந்த இங்கிலீஷ் ஒன்றுதான். அதை வைத்தே பொய் சொன்னதுதான் அவளை அரித்தது.

ஆட்சேபம் சொல்ல மூன்றாம் நாள் மாலை ஆறு மணி கடைசி. நாலு மணிக்கு நாரேயைக் கூப்பிட்டு, "கிடைச்சிருச்சு, உன் தேர்வு எண்ணைச் சொல்லு" என்றாள். மூன்று அகராதிப் பக்கங்களையும் இணைத்து, நாரேயின் பெயரில் எழுதி அனுப்பினாள். பெரும்பாலும் தள்ளுபடி செய்துவிடுவார்கள் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். நாரே அவளைக் கட்டிக்கொண்டு குதித்தாள்.

தள்ளுபடி செய்யவில்லை. பதினோராம் கேள்விக்கு இரண்டு விடையும் சரி என்று அறிவித்தார்கள். முடிவு வந்தபோது கட் ஆஃப் முந்நூற்றுத் தொண்ணூறு.

நாரே யுன்சிலின் அறை வாசலிலேயே நின்றாள். உள்ளே வரவில்லை.

"இப்படி ஆகும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமாக்கா?"

"தெரியும்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா அனுப்ப வேண்டாம்னு சொல்லியிருப்பியா?"

நாரே தலை குனிந்து கால் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

யுன்சிலுக்குக் கோபம் வரவில்லை. தான் இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்திருக்கலாம் என்றுதான் தோன்றியது. சொல்லியிருந்தாலும் நாரே தடுத்திருக்க மாட்டாள் என்பது இனி இரண்டு பேருக்குமே தெரியும்.

"போ. நேர்காணலுக்கு நல்ல சட்டையா ஒண்ணு வாங்கு" என்று கதவைச் சாத்தினாள்.

அந்த மாதமே அறையைக் காலி செய்துவிட்டு இஞ்சியோனில் ஒரு சரக்குக் கிடங்கில் பெட்டி கட்டும் வேலைக்குச் சேர்ந்தாள். நாரேக்கு வேலை கிடைத்ததைப் பிறர் சொல்லித்தான் தெரிந்துகொண்டாள். இலையுதிர் காலத்தில் நாரேயிடமிருந்து ஒருமுறை போன் வந்தது. கையுறையைக் கழற்றாமல், அது அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அடுத்த பெட்டியை இழுத்தாள்.