மலைக்குப் பிடித்தவள்

மஞ்சக்கொம்பு தேசியப் பூங்காவில் ரோடு எந்தப் பக்கம் சரிய வேண்டும் என்பதை மலைதான் முடிவு செய்கிறது. பிடித்தவர்கள் சைக்கிளில் வந்தால் இறக்கம், பிடிக்காதவர்கள் வந்தால் ஏற்றம். இரண்டு வகையினரும் பக்கத்துப் பக்கத்தில் போனாலும் அப்படித்தான்.

கோபியிலிருந்து நானும் என் மனைவி வளர்மதியும் மூன்றாவது வருடமாகப் போயிருந்தோம். முதல் இரண்டு வருடமும், உள்ளே இருக்கும் ஏரிக்குப் போகும்போதும் வரும்போதும் அவளுக்கு இறக்கம். எனக்கு இரண்டுமே ஏற்றம். இத்தனைக்கும் இந்த மலையைப் பற்றி அவளுக்கு எடுத்துச் சொன்னதே நான்தான். அதன் ஒன்பது சிகரங்களின் பெயரும் எனக்கு மனப்பாடம். யாரோ வீசிய பிஸ்கட் உறைகளை, அது பார்க்கும்படி குனிந்து குனிந்து பொறுக்கியிருக்கிறேன். அவள் ஒரு சிகரத்தையும் ஏறிட்டுப் பார்த்தவள் இல்லை. கடலை கொறித்துக்கொண்டு, காலைத் தொங்கவிட்டுக்கொண்டு போவாள். எனக்கு வயிறு எரியும்.

பூங்கா வாட்சர் மாதனிடம் முறையிட்டேன். தனக்கு எப்போதும் சமதரைதான், சம்பளம் வாங்குகிறவனிடம் மலை பாசம் காட்டாது என்றார். மூன்றாம் வருடமும் மிதிக்காமல் ஏரிவரை இறங்குகிறவர்கள் மலையோடு தங்கிவிடுவது வழக்கம் என்பதையும் நினைவுபடுத்தினார். உறவினர்கள் பொங்கலுக்கு வந்து பார்த்துவிட்டுப் போவார்களாம்.

கேட்டுக்குப் பக்கத்தில் கூடாரம் போட்டோம். உள்ளே படுத்தால் அவள் மலைப் பக்கம் உருண்டாள், நான் கேட் பக்கம் உருண்டேன். மறுநாள் ஏரிக்குக் கிளம்பும்போது, ஒரே சைக்கிளில் டபுள்ஸ் போகலாம் என்றேன். அவளைப் பின்னால் வைத்துக்கொண்டால் மலை என்னதான் செய்யும் என்று பார்த்துவிட நினைத்தேன். அவள் மறுக்காமல் கேரியரில் உட்கார்ந்தாள்.

முன்சக்கரத்துக்கு ஏற்றம் வந்தது, பின்சக்கரத்துக்கு இறக்கம் வந்தது. சைக்கிள் நின்ற இடத்திலேயே நின்றது. ஒரு மணி நேரம் மிதித்தேன். பின்னால் கடலைத் தோல் உரிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"என்னைவிட இந்த மலையைத்தான் உனக்குப் புடிச்சிருக்குதா?" என்று கேட்டேன்.

"அது ஒருநாளும் என்னை மிதிக்க வெச்சதில்லீங்க."

"நான் இப்ப மிதிச்சிட்டுத்தானே இருக்கறேன்?"

"மிதிக்கறீங்க. ஆனா மூச்சு வாங்கறது எனக்குக் கேக்கோணும்னே மிதிக்கறீங்க."

அது உண்மைதான். வாயை மூடிக்கொண்டு சத்தமில்லாமல் மிதித்தேன். நெஞ்சு அடைத்தது, ஆனால் அவளுக்குக் கேட்கவிடவில்லை. கொஞ்ச நேரத்தில் மலை மூச்சு வாங்கத் தொடங்கியது. சிகரம் சிகரமாக, அவள் காதில் விழும்படி மூச்சு வாங்கியது.

வளர்மதி கடலைப் பொட்டலத்தை மடித்து வைத்தாள். இரண்டும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள் என்றாள். கேரியரிலிருந்து இறங்கி, ஹேண்டில்பாரை வாங்கிக்கொண்டு, என்னைப் பின்னால் உட்காரச் சொன்னாள். சைக்கிளைக் கேட் பக்கம் திருப்பி, மூன்று வருடத்தில் முதல் தடவையாக மிதித்தாள். அவள் முதுகு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அவள் என்னோடு வருகிறாள் என்பது போதும் என்று இருந்தது. மலை பின்னாலேயே வந்தது.

கேட்டில் மாதன், எத்தனை பேர் வெளியே போகிறோம் என்று கேட்டார்.

"மூணு பேர்," என்றாள் வளர்மதி.

மாதன் கேட்டின் இன்னொரு கதவையும் திறந்துவிட்டார்.