குறைத்துச் சொல்லும் எண்

கணினி மூன்றாம் தடவையும் தானாக அணைந்தபோது எனக்குக் கோபம்கூட வரவில்லை. அலுப்புத்தான் வந்தது. கலியாண வீடியோக்களை வெட்டித் தொகுப்பது என் தொழில். வெள்ளவத்தையில், கடற்காற்று உப்பைக் கொண்டுவந்து அப்பும் நாலாம் மாடி பிளாட்டில் இருந்து அதைச் செய்கிறேன்.

திரும்பவும் கணினியைப் போட்டு, சூடு பார்க்கும் இரண்டு புரோகிராம்களைத் திறந்தேன். ஒன்று ஐம்பத்திரண்டு பாகை என்றது. மற்றது தொண்ணூற்றாறு என்றது.

"அம்பத்திரண்டுதானே. ஒரு பிரச்சினையும் இல்லை," என்றார் பின்னால் வந்து நின்ற என் கணவர் ராகுலன். போன ஞாயிறு புறக்கோட்டைக் கடையில் கணினிக்குப் புது ஃபேன் வாங்கிவந்து சிப்புக்கு மேல் பூட்டியவர் அவர்தான். அதனால் ஐம்பத்திரண்டின் மேல் அவருக்கு ஒரு தனிப் பாசம்.

"மற்றது தொண்ணூற்றாறு எண்டு சொல்லுதே?"

"அது கூடக் காட்டுற புரோகிராம். அதை நீர் அழிச்சு விடும்."

இதே வசனத்தை இந்த வீட்டில் நான் எத்தனையோ தரம் கேட்டுவிட்டேன். எங்களிடம் பிரஷர் பார்க்கிற மெஷினும் இரண்டு. புயத்தில் கட்டுவது நான் பார்மசியில் வாங்கியது. மணிக்கட்டில் கட்டுவது லண்டனில் இருந்து அவருடைய அண்ணா அனுப்பியது. இவருக்குக் கட்டினால், என்னுடையது நூற்றெழுபதுக்குக் கீழே இறங்காது. லண்டன்காரன் நூற்றிமுப்பதைத் தாண்டமாட்டான். இவர் லண்டன் கட்சி.

காலையில் எழும்பினால் இவருக்குத் தலையிடி. கேட்டால், நித்திரை காணாது என்பார். இவருடைய அப்பா நாற்பத்தொன்பது வயதில் குளியலறையில் விழுந்தவர், பிறகு எழும்பவில்லை. இவருக்கு இப்போது நாற்பத்தெட்டு. எனக்குப் பயம். டொக்டரிடம் போவோம் என்று நான் சொல்வதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

குறைத்துச் சொன்ன புரோகிராமை உற்றுப் பார்த்தேன். எண்ணுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் 'மதர்போர்ட்' என்று இருந்தது.

"இஞ்ச பாருங்கோ. இது வெளிய போர்டின்ர சூடு. மற்றதுதான் சிப்புக்குள்ள இருக்கிற சூடு. ஃபேனைக் கழட்டுங்கோ."

"நான் பூட்டினது பிழை எண்டுறீரோ?"

"கழட்டுங்கோவன்."

முணுமுணுத்தபடி கணினியை நிறுத்தி, ஸ்குரூவைக் கழற்றி ஃபேனைத் தூக்கினார். அதன் அடியில், சிப்பைத் தொடவேண்டிய செப்புத் தட்டில், கடையில் ஒட்டியிருந்த மெல்லிய பிளாஸ்டிக் தாள் அப்படியே இருந்தது. சூட்டில் சுருங்கிப் போயிருந்தது.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எங்கள் டிவி ரிமோட் இன்னும் பொலித்தீன் உறைக்குள்தான் இருக்கிறது. பிரிஜ் கதவில் ஒட்டிவந்த தாள் ஓரம் கறுத்துச் சுருண்டுவிட்டது, அதையும் உரிக்க விடமாட்டார். உரித்தால் சாமான் பழசாகிவிடுமாம்.

"இதிலயுமோ?" என்றேன்.

"புதுசுதானே... இருக்கட்டும் எண்டு விட்டனான்."

தாளை உரித்து, துடைத்து, சூடு கடத்தும் பசை பூசி, திரும்பப் பூட்டிக் கணினியைப் போட்டார். இப்போது ஒன்று ஐம்பது என்றது, மற்றது அறுபத்திமூன்று. வீடியோ நிற்காமல் ஓடத் தொடங்கியது. அவர் குனிந்து அந்த எண்களைப் பார்த்தார்.

"அப்ப கூடக் காட்டினதுதான் சரி."

அவர் அறைக்குள் போனார். கொஞ்சத்தில் மெஷின் காற்றடிக்கும் இரைச்சல் கேட்டது. லண்டன்காரன் இவ்வளவு இரையமாட்டான். நின்று, இன்னொரு தரமும் இரைந்தது.

புயத்தில் கட்டிய பட்டியோடேயே வெளியே வந்தார். முகத்தில் அப்பாவைப் பறிகொடுத்த பழைய பெடியன் தெரிந்தான்.

"தனுஷியா, நூற்றெண்பத்திரண்டு. ரெண்டு தரம் பார்த்திட்டன்," என்றார். "களுபோவிலை ஆஸ்பத்திரிக்குப் போவமே?"

"ஓம்," என்றேன். அவருடைய செருப்பை எடுத்து முன்னால் வைத்தேன்.