ஜெயித்தவர்கள் பக்கம்

ஆராய்ச்சி என்றதும் குடுவையும் புகையும் ஞாபகத்துக்கு வந்தால் அதற்கு மணிமொழி பொறுப்பில்லை. அவளுடைய வேலை, மற்றவர்கள் செய்த ஆய்வுகளைப் படித்து எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்று பிரித்துச் சொல்வது. பிளஸ் டூ பிள்ளைகளைக் கல்லூரிக்கும் வேலைக்கும் தயார்படுத்த எந்தப் பயிற்சி உண்மையிலேயே உதவுகிறது என்பது இந்த முறை கேள்வி. கேட்டது சென்னையில் ஓர் அறக்கட்டளை. சொந்த ஊரான வடக்குத்தில் அப்பா வீட்டுக்கு வந்து லேப்டாப்பும் கையுமாக உட்கார்ந்திருந்தாள்.

கடைசியாகக் கைக்கு வந்த ஆய்வு அவள் ஊர்ப் பக்கத்தைப் பற்றியது. நெய்வேலியைச் சுற்றியுள்ள பிள்ளைகளுக்கு ஒரு தனியார் அமைப்பு கொடுத்த பயிற்சி. படித்தவர்களில் பெரும்பாலோர் கல்லூரியில் சேர்ந்துவிட்டார்களாம், அமோக வெற்றியாம். அந்த வெற்றியில் ஒருவன் அவள் தம்பி வளவன்.

அவன் சேர்ந்தது நிஜம்தான். கோயம்புத்தூரில் இன்ஜினியரிங். முத்தாண்டிக்குப்பம் ரோடு வரைக்கும் பிளெக்ஸ் வைத்தார்கள். நேர்காணலில் எப்படி உட்காருவது, கையை எங்கே வைப்பது என்றெல்லாம் சொல்லிக்கொடுத்த புண்ணியவான்கள் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. கல்லூரியில் பெயிலானால் அதற்குப் பேர் அரியர், மறுபடி எழுதிக்கொள்ளலாம். முதல் செமஸ்டரில் மூன்று பேப்பர் போனதும் எல்லாம் முடிந்தது என்று வளவன் தானே டிசியை வாங்கிக்கொண்டு பெட்டியோடு வந்துவிட்டான். அப்பா ராயப்பனுக்கும் பெயில் என்றால் பெயில்தான். அக்காவிடம் சொன்னால் திட்டுவாள் என்று அப்பனும் பிள்ளையும் வாயைத் திறக்கவில்லை. சித்திரையில் அவள் ஊருக்கு வந்தபோது தம்பி நெய்வேலி மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா என்று அன்று அழுதாள். அந்த அழுகை இன்னும் அவளுக்குத் தீரவில்லை.

ஆய்வு செய்தவர்களோ சேர்ந்த நாளோடு கணக்கை மூடிவிட்டார்கள். சேர்ந்தவர்கள் நிலைத்தார்களா என்று ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. இதை அவள் ஏற்றுக்கொண்டால் அறக்கட்டளையின் பணத்தில் அடுத்த வருஷம் இதே பயிற்சி இன்னும் பல ஊர்களுக்குப் போகும். எதிர்வீட்டு அன்புக்கரசி இப்போதே அதில் சேர்ந்திருந்தாள்.

மத்தியான ஷிப்டுக்குக் கிளம்புவதற்காக வளவன் சாப்பிட உட்கார்ந்தான்.

"நீ போன பயிற்சியப் பத்திதான்டா படிச்சிகினு இருக்கேன்."

"என்னப் பத்தியும் போட்டிருக்கா?"

"பேரு இருக்காது. காலேஜ்ல சேந்தவங்கன்னு கணக்கு. அதுல நீயும் ஒருத்தன். ஜெயிச்சவங்க பக்கம்."

வளவன் பிசைந்த சோற்றை அப்படியே விட்டான்.

"நான் திரும்பி வந்தது?"

"அது அவங்களுக்குத் தெரியாது. அதனாலதான் இந்த ஆய்வ ஏத்துக்க முடியாதுன்னு எழுதப்போறேன்."

"எழுதாதக்கா." தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அங்கனாச்சும் நான் படிச்சிகினு இருக்கேனே. இருந்துட்டுப் போறேன்."

மணிமொழி ஜன்னல் பக்கம் திரும்பினாள். ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டு வாசலில் அன்புக்கரசி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் முதுகை நிமிர்த்தி, கைகளை மடியில் கோத்து உட்காரப் பழகிக்கொண்டிருந்தாள். அவளுக்காவது அரியரைப் பற்றி வாயால் சொல்லிவிடலாம். முகம் தெரியாத ஊர்களில் இருக்கிற பிள்ளைகளுக்கு யார் சொல்வது?

வளவன் கை கழுவப் போனான். அவன் திரும்பி வருவதற்குள், இந்த ஆய்வு ஏற்கத்தக்கதல்ல என்று எழுதி அனுப்பிவிட்டாள். தம்பியைத் தன் கையாலேயே இரண்டாவது முறை கல்லூரியிலிருந்து வெளியே அனுப்பியதுபோல் வலித்தது.

அவன் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வாசலில் தயங்கி நின்றான்.

"என்ன அந்தக் கணக்குலேர்ந்து எடுத்துட்டியாக்கா?"

"இல்லடா. அங்கதான் இருக்க."

வளவன் சிரித்தான். பிளெக்ஸில் இருந்த அதே சிரிப்பு. அந்தப் பிளெக்ஸுக்கு அப்புறம் இன்றுதான் அவள் அதைப் பார்க்கிறாள்.

"வரேன்க்கா," என்று சொல்லிவிட்டு ஷிப்டுக்குப் போனான்.